தீப்பொறி வந்தால் பிரஷ்தான் என்று முடிவு கட்டாதீர்கள்

டிரில், மிக்ஸி மோட்டாரில் பிரஷ் (சுழலும் பகுதிக்கு மின்சாரம் கொடுக்கும் கார்பன் துண்டு) நுனியில் பொடிப்பொடியாக நீலப் பொறி தெரிவது சகஜம். கம்யூட்டேட்டரை, அதாவது பிரஷ் உரசும் செம்புப் பட்டை உருளையைச் சுற்றி நெருப்பு வளையமாக ஓடினால்தான் கவலை.

பிளக்கைப் பிடுங்கிவிட்டு இரண்டு பிரஷையும் கழற்றுங்கள். 5-6 மி.மீ.க்குக் கீழே தேய்ந்திருந்தால் ஜோடியாக மாற்றுங்கள். நீளம் இருந்தும் பொறி வருகிறதா? ஹோல்டரில் கரித்தூள் அடைத்து பிரஷ் சிக்கியிருக்கும், அல்லது சூட்டில் ஸ்பிரிங் தளர்ந்திருக்கும்.

அடுத்து கம்யூட்டேட்டர். சீரான காப்பி நிறப் படலம் நல்லது, அதைச் சுரண்ட வேண்டாம். ஒன்றிரண்டு செம்புப் பட்டை மட்டும் கருகியிருந்தால் மல்டிமீட்டரைக் குறைந்த ஓம்ஸில் வைத்து அடுத்தடுத்த பட்டைகளை ஜோடி ஜோடியாக அளங்கள். எல்லாம் ஏறக்குறைய ஒரே அளவு காட்ட வேண்டும். ஒரு ஜோடியில் அளவு எகிறினால் சுருள் கம்பி (காயில்) அறுந்திருக்கிறது, ஒன்றில் மட்டும் அளவு குறைந்தால் ஷார்ட். அப்புறம் புது பிரஷ் போட்டும் பயனில்லை, ஆர்மேச்சரைத்தான் (சுருள் சுற்றிய சுழலும் பகுதி) கவனிக்க வேண்டும். பட்டைக்கும் ஷாஃப்டுக்கும் இடையே மீட்டர் எந்தத் தொடர்பும் காட்டக்கூடாது.

மேலோட்டமான அழுக்குக்கு 400 நம்பர் உப்புத்தாள் போதும். எமரி வேண்டாம், அதன் துகள் மின்சாரம் கடத்தும். பட்டைகளுக்கு நடுவே உள்ள மைக்கா (மின்காப்புத் தகடு) மேலே எழும்பி நின்றால் பிரஷ் துள்ளும், அந்த மைக்காவைப் பட்டைக்குக் கீழே அரை மி.மீ. ஆழத்துக்குக் கீறிவிடுங்கள்.

புது பிரஷ் போட்டதும் லோடு கொடுக்காமல் பத்து நிமிடம் ஓடவிடுங்கள், பிரஷின் முகம் கம்யூட்டேட்டரில் படிய வேண்டும்.