ஐபி டிப்ளமா முடித்த கதை

அப்பாவுக்கு மூன்று நாலு வருடத்துக்கு ஒரு முறை நாடு மாறும் வேலை. பதினொன்றாம் வகுப்பில் ஐபி டிப்ளமாவை (இன்டர்நேஷனல் பேக்கலாரியேட், பல நாடுகளில் நடக்கும் இரண்டு வருடப் பள்ளிப் படிப்பு) தேர்ந்தெடுத்ததற்கு அதுதான் முதல் காரணம். நடுவில் எங்கே போக நேர்ந்தாலும் அதே பாடத்திட்டம், அதே தேர்வு. 1968-இல் ஜெனீவாவில் ஐபி அமைப்பு தொடங்கப்பட்டதே என்னைப் போல நாடு விட்டு நாடு போகும் பிள்ளைகளை மனதில் வைத்துத்தான். கடைசியில் நாங்கள் எங்கேயும் போகவில்லை, இரண்டு வருடமும் ஒரே பள்ளியில் ஓடிவிட்டது.

ஆறு பாடம் எடுக்க வேண்டும். வழக்கமாக மூன்று ஹையர் லெவல், மூன்று ஸ்டாண்டர்ட் லெவல். ஹையர் லெவலுக்கு 240 மணி நேர வகுப்பு, ஸ்டாண்டர்டுக்கு 150. நான் வேதியியல், உயிரியல், கணிதம் மூன்றையும் ஹையரில் எடுத்தேன். இரண்டே மாதத்தில் கணிதம் கழுத்தைப் பிடித்தது. தினமும் ராத்திரி அதற்கே மூன்று மணி நேரம் போனது, வேதியியல் புத்தகத்தைத் திறக்கக்கூட முடியவில்லை. நான் விண்ணப்பிக்க நினைத்த பல்கலைக்கழகங்களின் சேர்க்கைப் பக்கங்களை ஒவ்வொன்றாகப் படித்தேன். உயிர்வேதியியலுக்கு அவர்கள் கேட்டது ஹையர் லெவல் வேதியியல், கணிதம் ஸ்டாண்டர்ட் போதும். மறுநாளே ஒருங்கிணைப்பாளரைப் பார்த்து, கணிதத்தை இறக்கி வரலாற்றை ஹையருக்கு ஏற்றிக்கொண்டேன். அந்த இரண்டு வருடத்தில் எடுத்த நல்ல முடிவுகளில் அது ஒன்று. வகுப்பில் சிலர் மானப் பிரச்சினை மாதிரி நினைத்து இறக்காமலே இருந்து ரொம்பக் கஷ்டப்பட்டார்கள்.

என் நினைவில் அதிகம் நிற்பது எக்ஸ்டெண்டட் எஸ்ஸேதான். 4000 வார்த்தைக்குள் சொந்தமாக ஒரு ஆய்வுக் கட்டுரை. அதற்கு மேல் எழுதினால் திருத்துபவர் படிக்கவே மாட்டார். நான் முதலில் எழுதிக்கொண்டு போன தலைப்பு, 'உணவில் வைட்டமின்கள்'. வழிகாட்டி மிஸ் அதைப் பார்த்துவிட்டு, "இதில் கேள்வி எங்கே இருக்கிறது?" என்று மட்டும் கேட்டார். நாலு வாரம் சுருக்கிச் சுருக்கி, ஆரஞ்சுச் சாற்றை 30 முதல் 70 டிகிரி வரை ஐந்து வெப்பநிலைகளில் அரை மணி நேரம் வைத்தால் வைட்டமின் சி எவ்வளவு குறைகிறது என்பதில் வந்து நின்றேன்.

விடுமுறையில் ஒரு நாள் முழுக்க ஆய்வகத்தில் இருந்தேன். பியூரெட்டில் (அளவுக் கோடு போட்ட கண்ணாடிக் குழாய்) அயோடின், கீழே குடுவையில் சாறும் ஸ்டார்ச்சும். சொட்டுச் சொட்டாக விட வேண்டும். ஒரு சொட்டு விழுந்த இடத்தில் கருநீலம் சுழன்று வந்து மறையும். மறையாமல் நிற்கிற அந்த ஒரு சொட்டில், அதாவது வைட்டமின் சி தீர்ந்தவுடன், குழாயை மூட வேண்டும். எவ்வளவு அயோடின் செலவானதோ அதை வைத்து வைட்டமின் சியைக் கணக்கிடும் இந்த முறைதான் டைட்ரேஷன். ஒரு வெப்பநிலைக்கு ஐந்து தடவை, மொத்தம் 25 டைட்ரேஷன். வீட்டுக்கு வந்து வரைபடம் போட்டால் கோடு அவ்வளவு நேராக இறங்கியது. அன்றைக்கு வந்த சந்தோஷம் சொல்லி முடியாது.

மிஸ் அந்த வரைபடத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "70 டிகிரி மாதிரியை எத்தனை மணிக்கு டைட்ரேட் செய்தாய்?" என்றார். நோட்டில் நேரமே எழுதியிருக்கவில்லை. 30-இல் ஆரம்பித்து வரிசையாகப் போனதால் 70 கடைசி. அதற்குள் பிழிந்த சாறு திறந்த பீக்கரில் மணிக்கணக்காகக் காற்றுபட்டு நின்றிருந்தது. வைட்டமின் சி காற்றிலும் ஆக்சிஜனேற்றம் அடையும். அப்படியானால் நான் அளந்தது சூட்டையா, நேரத்தையா? சூடே காட்டாத சாற்றை வைத்து இருபது நிமிடத்துக்கு ஒரு தடவை அளந்து பார்த்தேன். அதுவும் குறைந்துகொண்டே வந்தது.

25 அளவும் வீண். அழுகையே வந்துவிட்டது, மறைக்க என்ன இருக்கிறது. அப்புறம் புதிதாகத் திட்டம் போட்டேன்: வெப்பநிலை வரிசையைக் கலைத்துவிடுவது, ஒவ்வொரு மாதிரிக்கும் அப்போதே பிழிந்த சாறு, ஆறியவுடன் டைட்ரேஷன், பக்கத்திலேயே அதே நேரம் காத்திருக்கும் சூடுபடாத மாதிரி ஒன்று. இந்த முறை சூட்டின் விளைவு தெரிந்தது, ஆனால் முதலில் வந்ததில் பாதிகூட இல்லை. கட்டுரையில் முதல் நாள் தவற்றையும் மறைக்காமல் எழுதினேன். விதிப்படி ஒரு வரைவுக்குத்தான் வழிகாட்டி கருத்துச் சொல்ல முடியும் என்பதால், அந்த வரைவை முழுதாக முடித்த பிறகே மிஸ்ஸிடம் கொடுத்தேன். அரைகுறையாகக் கொடுத்து அந்த வாய்ப்பை வீணாக்கிவிடாதீர்கள். இன்னொன்று, இதே சோதனையை வேதியியல் ஐஏவுக்கும் (பாடத்துக்காகப் பள்ளியிலேயே செய்து மதிப்பிடப்படும் ஆய்வு) காட்ட முடியாது. அதற்கு வேறு சோதனை செய்தாக வேண்டும், அதற்கு வேதியியல் மதிப்பெண்ணில் 20 சதவீதம்.

அதுவரை டிஓகே (தியரி ஆஃப் நாலெட்ஜ், அறிவைப் பற்றிய பாடம்) வகுப்பு எனக்குப் பிடித்ததில்லை. 'நமக்குத் தெரியும் என்பது எப்படித் தெரியும்' என்று வாரா வாரம் பேசுவது நேரத்தைத் தின்பதாகத்தான் பட்டது. டிஓகே கண்காட்சிக்கு, கொடுக்கப்பட்ட 35 கேள்விகளில் ஒன்றை எடுத்து மூன்று பொருள்களோடு பொருத்திக் காட்ட வேண்டும். ஒரு கூற்றுக்கு எது நல்ல சான்று என்ற கேள்வியை எடுத்தேன். மூன்றில் ஒரு பொருள், நேரம் எழுதாத அந்த நோட்டுப் பக்கம். அதை எழுதும்போதுதான் அந்த வகுப்பின் அருமை புரிந்தது.

சிஏஎஸ்ஸுக்கு (படைப்பு, உடற்பயிற்சி, சேவை என்று வகுப்புக்கு வெளியே செய்வது) புள்ளி கிடையாது, ஆனால் முடிக்காவிட்டால் டிப்ளமாவே கிடையாது. 18 மாதம் தொடர்ந்து செய்ய வேண்டும். சின்னப் பிள்ளைகளுக்கு நீச்சல் பழக்கினேன், அது நன்றாகவே போனது. அனுபவக் குறிப்புகளைத்தான் அன்றன்றைக்கு எழுதாமல் விட்டு, கடைசியில் ஒரு வாரம் உட்கார்ந்து நினைவுபடுத்தி எழுத வேண்டியதாயிற்று.

தேர்வு மே மாதம் மூன்று வாரம். பழைய வினாத்தாளோடு அதன் திருத்தும் குறிப்பையும் வைத்துப் படித்தது எனக்கு நன்றாகக் கைகொடுத்தது. எந்தச் சொல்லுக்கு மதிப்பெண் என்று அதில் தெரியும்.

ஜூலை 5-ஆம் தேதி முடிவு வந்தது. ஆறு பாடத்துக்கும் தலா 7 புள்ளி, எஸ்ஸேவுக்கும் டிஓகேவுக்கும் சேர்த்து 3, ஆக மொத்தம் 45. எனக்குப் பாடங்களில் 34, எஸ்ஸேயிலும் டிஓகேயிலும் பி வாங்கியதால் 2, மொத்தம் 36. வேதியியலில் 6. மறுமதிப்பீடு கேட்கலாமா என்று ஒரு நாள் யோசித்தேன். கேட்டால் கூடலாம், குறையவும் குறையலாம். பல்கலைக்கழகம் கேட்டிருந்தது சரியாக 36, வேதியியலில் 6. சரி, இருக்கட்டும் என்று விட்டுவிட்டு மிஸ்ஸுக்கு போன் செய்தேன்.