சேர்த்துப் பார், தம்பி

1985இல் லண்டனுக்கு வந்து ஒரு பண்டகசாலையில் வேலைக்குச் சேர்ந்த முதல் கிழமை. பெட்டி அடுக்கிக்கொண்டு நின்றேன். மேற்பார்வையாளர் வந்து, "யூ கான் நொக் ஓஃப் அட் ஃபோர்" என்று சொல்லிவிட்டுப் போனார். நொக் என்றால் தட்டு, ஓஃப் என்றால் அப்பால். நாலு மணிக்கு எதைத் தட்டுவது? அப்போது எட்டாம் வகுப்பில் எங்களுக்கு ஆங்கிலம் படிப்பித்த சேரின் குரல்தான் காதில் கேட்டது: "பிரிக்காதை தம்பி, சேர்த்துப் பார்." சேர்த்துப் பார்த்தேன். நாலு மணிக்கு வேலையை முடித்துக்கொண்டு போகலாம் என்கிறார்.

இரண்டு சொல் சேர்ந்து வேறொரு பொருள் தரும் இப்படியான ஆங்கில வினைகளைப் பற்றிய பாடத்தை சேர் தொடங்கியதே தமிழில்தான். கரும்பலகையில் வெண்கட்டியால் 'கண்டுபிடி' என்று பெரிதாக எழுதினார். "கணக்குக்கு விடை கண்டுபிடிச்சன் எண்டு சொல்லுறாய். கையாலை எதைப் பிடிச்சனி?" ஒருவரும் வாய் திறக்கவில்லை. அதன் கீழே 'ஃபைண்ட் அவுட்' என்று எழுதினார். பிறகு 'கைவிடு', கீழே 'கிவ் அப்'. 'விட்டுக்கொடு', கீழே 'கிவ் இன்'. உங்கள் தாய்மொழியிலேயே இது இருக்கிறது, ஏன் பயப்படுகிறீர்கள் என்று கேட்டார்.

அப்புறம் இரண்டு உயரமான பெடியளை முன்னுக்குக் கூப்பிட்டு, ஒருவனை 'ஸ்விட்ச்' என்றார், மற்றவனை 'ஓஃப்' என்றார். வகுப்பிலேயே சின்னவன் நான். என்னை 'இட்' ஆக்கி அவர்களுக்கு நடுவே நிறுத்தினார். "'ஸ்விட்ச் ஓஃப் த லைட்', 'ஸ்விட்ச் த லைட் ஓஃப்', ரெண்டும் சரி. லைட் எண்ட சொல் பின்னுக்கும் நிக்கும், நடுவிலையும் நிக்கும். 'இட்' சின்னவன், அவன் எப்பவும் நடுவிலைதான்." 'ஸ்விட்ச் இட் ஓஃப்' என்பது எனக்கு இன்றுவரை பிசகியதில்லை.

நொக் ஓஃப் பழைய சொல். வேலையை நிறுத்துவது என்ற பொருளில் 17ஆம் நூற்றாண்டிலேயே ஆங்கிலத்தில் வழங்கியிருக்கிறது. சந்தையில் கடைக்காரர் ஒரு பவுணை நொக் ஓஃப் பண்ணுகிறேன் என்றால் விலையில் குறைக்கிறார். பிள்ளைகள் சண்டை பிடித்தால் தாய் "நொக் இட் ஓஃப்" என்று அதட்டுவாள், நிறுத்துங்கள் என்று அர்த்தம். அங்கேயும் 'இட்' நடுவில்தான் நிற்கிறது, பாருங்கள். திருடுவதற்கும் பேச்சுவழக்கில் இதே சொல்தான். கூட வேலை செய்பவர்களோடு தாராளமாகச் சொல்லலாம், வேலைக்கு விண்ணப்பிக்கும் கடிதத்தில் எழுதக்கூடாது. புதிதாக வந்த பிள்ளைகளுக்கு இதை நான் தவறாமல் சொல்லிவிடுவேன்.

போன மாதம் பேத்தி தமிழ்ப் பள்ளி வீட்டுப்பாடத்தோடு வந்தாள். கொப்பியில் 'விட்டுக்கொடு' என்ற சொல். "அம்மப்பா, இது விடுறதா, குடுக்கிறதா?" என்றாள். பென்சிலை வாங்கி, அதன் கீழே 'கிவ் இன்' என்று எழுதிக் காட்டினேன். "ஓ, கிவ் இன்!" என்று சொல்லிக்கொண்டே அடுத்த சொல்லுக்குப் போய்விட்டாள்.