பதினோராம் நம்பர்

2024 மே 16, வியாழன்

காலையிலயே வீடியோ வந்துருச்சு. ஜூன் 6, கொல்கத்தா, குவைத்தோட. அதோட நம்ம ஃபுட்பால் கேப்டன் சுனில் சேத்ரி இந்தியாவுக்கு ஆட மாட்டார். ஆகஸ்ட் வந்தா 40 வயசு, தெரிஞ்ச விஷயந்தான். இருந்தாலும் தாங்கல.

2005-ல குவெட்டாவுல பாகிஸ்தானோட முதல் மேட்ச். ஜெர்சி கைக்கு வந்ததும் அதுல சென்ட் அடிச்சாராம், ஏன்னு அவருக்கே தெரியலையாம். அன்னைக்கே கோலும் போட்டார். விலகப் போறேன்னு வீட்டுல சொன்னப்ப அப்பாவுக்கு நிம்மதி, அம்மாவும் மனைவியும் அழுதுட்டாங்களாம்.

அம்மா அழுத இடத்தைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தேன்.

மே 17

என் முட்டி வீக்கம் குறையல.

மே 19, ஞாயிறு

நல்ல மழை. அரசரடி ரயில்வே கிரவுண்டுல தண்ணி நிக்குதுன்னு பிள்ளைங்க போட்டோ அனுப்பியிருக்காங்க. சேத்துல ஆடுற சுகமே தனி.

அம்மா இன்னைக்கு நேரடியாவே சொல்லிட்டாங்க. "ஆப்பரேஷனுக்குப் பணம் பொரட்டிருவேன். ஆனா இனி பந்தைத் தொட மாட்டேன்னு சத்தியம் பண்ணு."

"கடலூர் இந்துமதியப் பாரும்மா, இந்தியாவுக்கு ஆடுறாங்க, போலீஸ்ல எஸ்.ஐ."

"அந்தப் பிள்ளைக்குக் கால் நல்லாருக்குத்தா."

சேத்ரியோட அம்மா சுசீலா நேபாளத்துக்கே ஆடினவங்க. அப்பா ராணுவத்துல. மகன் மூச்சு வாங்கி நிக்கிறது எதுக்குன்னு அந்த அம்மாவுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்ல. எங்கம்மா கிரவுண்டுக்கு வந்ததே ஒரே தடவைதான், அதுவும் நான் விழுந்த அன்னைக்கு. பந்துன்னா அவங்களுக்கு அந்த ஒரு நாள் மட்டும்தான் ஞாபகம் வரும். அதுக்கு நான் என்ன பதில் சொல்ல? ஜவ்வு ஒட்டி, திரும்ப ஓட முக்கால் வருஷம் ஆகுமாம். சத்தியம் பண்ணிட்டா அந்த முக்கால் வருஷம் எதுக்கு?

மே 22, வைகாசி விசாகம்

அம்மா திருப்பரங்குன்றத்துக்குப் பால்குடம் எடுத்தாங்க. என் முட்டிக்கு வேண்டுதலாம், முன்னாடி சொல்லவே இல்ல. தார் ரோட்டுல வெறுங்கால். உள்ளங்கால் முழுக்கக் கொப்புளம்.

நைட்டு ரெண்டு பேரும் காலை நீட்டி உக்காந்திருந்தோம். பேசல.

ஜூன் 2

2018-ல இதே நாள்தான் சேத்ரியோட அந்த இன்னொரு வீடியோ. திட்டுறதா இருந்தாலும் மைதானத்துக்கு வந்து திட்டுங்கன்னு கும்பிட்டார். ஒரு தேசத்தோட கேப்டன் அப்படிக் கெஞ்ச வேண்டியிருந்துச்சு. ரெண்டு நாள் கழிச்சு கென்யாவோட அவருக்கு 100-வது மேட்ச், மும்பையில டிக்கெட் காலி. ரெண்டு கோல். நான் முதன்முதலாப் பந்தைத் தொட்டது அந்த வருஷந்தான்.

ஜூன் 4

எல்லா டிவியிலயும் ஓட்டு எண்ணிக்கை. தொடையை இறுக்கிப் பிடிக்கிற பயிற்சி மட்டும் செஞ்சேன்.

ஜூன் 6

0-0.

கோல் போட்டுட்டுப் போயிருக்கலாம். 151 மேட்ச், 94 கோல். இப்ப ஆடிட்டு இருக்கிறவங்கள்ல ரொனால்டோ, மெஸ்ஸிக்கு அடுத்து இவர்தான். கடைசி நாள்ல ஒண்ணுகூடக் கிடைக்கல. சால்ட் லேக் ஸ்டேடியத்துல சக ஆட்டக்காரங்க ரெண்டு வரிசையா நின்னு கை தட்ட, நடுவுல அழுதுக்கிட்டே நடந்து வந்தார்.

அம்மா அடுப்படியில இருந்து வந்து நின்னாங்க. "இவ்வளவு பெரிய ஆம்பளை அழுகுறாரே. அவங்கம்மா எங்க?"

ஜூன் 11

தோஹாவுல கத்தாரோட. குர்பிரீத் கேப்டன். 37-வது நிமிஷம் நம்ம சாங்தே கோல். கத்தி எந்திரிக்கப் போய் முட்டி சுண்டி இழுத்துருச்சு.

73-வது நிமிஷம் பந்து கோட்டைத் தாண்டி வெளியவே போயிருச்சு, அதை கத்தார்க்காரங்க உள்ள இழுத்து அடிக்க, நடுவர் கோல்னு குடுத்துட்டார். வீடியோ பார்த்துத் திருத்த அந்த மேட்ச்ல நடுவர் இல்ல. அப்புறம் இன்னொண்ணு. 2-1. உலகக் கோப்பைத் தகுதிச் சுற்று அதோட முடிஞ்சது. இது அநியாயம், நான் மறக்கவே மாட்டேன்.

"வெளிய போயிருச்சுல்ல?" அம்மாதான் கேட்டாங்க. எப்ப வந்து உக்காந்தாங்கன்னே தெரியல.

ஜூன் 13

நாளைக்கு ஆப்பரேஷன். அம்மா பேப்பர்ல கையெழுத்துப் போட்டாச்சு. சத்தியம் பத்தி அவங்களும் கேக்கல, நானும் சொல்லல. ராத்திரி பன்னெண்டுக்கு மேல தண்ணிகூடக் குடிக்கக் கூடாதாம். இப்பவே தாகமா இருக்கு.