சீலுக்குக் கணுக்கால் கட்டிய கதை

கட்டுக்கம்பியும் காகிதக் கூழும் வைத்து, சீல் என்கிற கடல்விலங்கின் பொம்மை ஒன்று செய்ய ஆரம்பித்து இது நாலாவது வாரம். கோத்தகிரியில் ஐப்பசி மழை, கூழ் காய்ந்தால்தானே? முதல் உடம்பு பூசணம் பிடித்துக் குப்பைக்குப் போனது. அடுத்ததற்கு மைதாப் பசையில் மயில்துத்தம் கலந்து, விறகடுப்புக்கு மேலே தொங்கவிட்டேன். தேறிவிட்டது.

கால்களைத்தான் சொல்ல வேண்டும். முதலில் அட்டையில் துடுப்பு வெட்டி ஒட்டினேன். பார்க்க மீன் மாதிரி இருந்தது. பிய்த்துப் போட்டுவிட்டு எலும்பிலிருந்து தொடங்கினேன். சீலின் துடுப்புக்குள் இருப்பது நம் கையிலுள்ள அதே எலும்புகள்தான். மேல்கை எலும்பு குட்டையாகி உடம்புக்குள் புதைந்திருக்கும். பின்பாதத்தில் பெருவிரலும் சுண்டுவிரலும் நீளம், நடுவிரல் குட்டை, விரித்தால் பிறை. இதைக் கம்பியில் வளைத்ததும் சீலுக்குக் களை வந்துவிட்டது.

அப்புறம் பின்பாதங்களை வயிற்றுக்கடியில் மடக்கி உட்காரவைத்து, பெருமையாகப் படமும் எடுத்தேன். அது கடற்சிங்கம்! சீலின் உறவுகளான கடற்சிங்கமும் வால்ரஸும் பின்பாதத்தை முன்னால் திருப்பி நடக்கும். சீலால் முடியாது. அதன் கணுக்கால் எலும்பில் பின்பக்கமாக ஒரு முனை நீண்டிருக்கிறது. அதன்மேல் ஓடும் தசைநாண் பாதத்தை முன்னால் மடங்க விடாது. அதனால்தான் கரையில் வயிற்றால் உந்தி ஊர்கிறது. தண்ணீரிலோ அதே பாதங்களை இடமும் வலமும் வீசிப் பாய்கிறது. கடற்சிங்கம் நீந்துவது முன்துடுப்பால்.

சணல் நூலைத் தசைநாணாக இழுத்துக் கட்டினேன். இப்போது நானே மடக்கினாலும் மடங்கவில்லை. சீலுக்குக் காதுமடல் கிடையாது என்பதால் ஒட்டிய காதுகளையும் கிள்ளி எடுத்தாயிற்று. பக்கத்து வீட்டுக் குட்டி பார்த்துவிட்டு, "மாமா, இதுக்குக் கால் ஒடிஞ்சிருச்சா?" என்றாள்.

"இல்ல கண்ணு, அதுக்கு அப்படித்தான்."

மிச்சக் கூழில் புய்ஜிலா செய்கிறேன், சீல் கூட்டத்தின் ஆதிகால உறவு. கனடாவின் டெவன் தீவில் பழைய ஏரிப் படிவத்தில் 2007இல் கிடைத்த புதைபடிவம். 2 கோடி ஆண்டுகளுக்கும் மேல் பழையது. துடுப்பு இல்லை, நீண்ட வால், நடக்கக்கூடிய நாலு கால். மாயாற்றில் பார்த்த நீர்நாயை மனதில் வைத்தே உடம்பைப் பிடித்தேன். அதற்காக நீர்நாயைச் சீலின் பாட்டன் என்று நினைத்துவிடக் கூடாது, தூரத்துப் பங்காளிதான்.

வாலுக்குக் கம்பி பற்றவில்லை. உடம்பு மட்டும் அடுப்புக்கு மேலே தொங்குகிறது.