முப்பது கிலோ நாயோடு மலையில் அறை எடுக்கிறவர்களுக்கு

‘பெட் ஃப்ரெண்ட்லி’ என்று போட்டிருக்கும் பல இடங்களில் அவர்கள் மனதில் இருப்பது மடியில் அடங்குகிற ஷிட்சூதான். காரின் பின்கதவு திறந்து லாப்ரடாரோ ஜெர்மன் ஷெப்பர்டோ ராஜபாளையமோ இறங்கும்போதுதான் ரிசப்ஷனில் முகம் மாறும். சென்னையிலிருந்து 500 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டிக்கொண்டு கொடைக்கானல் போய்ச் சேர்ந்து, இருட்டின பிறகு வேறு அறை தேடி அலைவது நாய்க்கும் கொடுமை, வீட்டாருக்கும் கொடுமை. ஆகவே, ஆப்பில் இருக்கும் நாய்ப் படத்தை நம்பிப் பணம் கட்டாதீர்கள். முதலில் போன் போடுங்கள்.

போனில் ‘நாய் இருக்கு, பரவாயில்லையா?’ என்று கேட்டால் ‘வாங்க சார்’ என்றுதான் பதில் வரும். இனம், எடை, வயது, ஆணா பெண்ணா, எல்லாவற்றையும் சொல்லுங்கள். ஆள் பக்கத்தில் நாய் நிற்கிற படம் ஒன்றை வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள்; எவ்வளவு பெரிய நாய் என்பது அப்போதுதான் அவர்களுக்குப் புரியும். ராட்வைலர் என்றால் மறைக்கவே கூடாது. நாய்க்குத் தனிக் கட்டணம் உண்டா, அது ஒரு இரவுக்கா மொத்தத் தங்கலுக்கா, டெபாசிட் திரும்ப வருமா என்பதையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். போனில் பேசியவரும் செக்-இன் அன்று டூட்டியில் இருப்பவரும் பெரும்பாலும் வேறு வேறு ஆட்கள்.

அடுத்து அறையைப் பற்றிக் கேளுங்கள். தரைத்தளம் கிடைத்தால் நல்லது. லிஃப்டில் ஏறிப் பழகாத நாய், கதவு மூடினதும் மிரளும். பளபளப்பான படிக்கட்டில் இறங்கும்போது பின்னங்கால் வழுக்கும். இடுப்பு மூட்டுப் பிரச்சினை உள்ள லாபுக்கும் ஷெப்பர்டுக்கும் அது பெரிய தொந்தரவு. வாசலுக்குப் பக்கத்தில் மண் தரையோ புல்லோ இருக்கிறதா என்பதை நான் அறையின் அளவைவிட முக்கியமாக நினைக்கிறேன். மண்ணில் போய்ப் பழகின நாய், வளாகம் முழுக்க சிமென்ட் கல் பதித்திருந்தால் சிறுநீரை மணிக்கணக்கில் அடக்கிக்கொண்டே இருக்கும், கடைசியில் அறைக்குள் விட்டுவிடும். அதற்கு நாயைத் திட்டுவது நியாயமே இல்லை.

காகிதங்களில் அதிகம் இல்லை: தடுப்பூசிப் புத்தகம், அதில் ரேபீஸ் ஊசி போட்டு ஓராண்டு தாண்டாத தேதி, மாநகராட்சி உரிமம் இருந்தால் அதன் நகல். நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே முதல் வண்டிக்கு இ-பாஸ் வேண்டும், முன்கூட்டியே எடுத்துவிடுங்கள். நீலகிரிக்குப் பிளாஸ்டிக் பை கொண்டு போக முடியாது. நாயின் கழிவை அள்ளப் பழைய செய்தித்தாளும் காகிதப் பையும் போதும்.

மலை ஏறத் தொடங்குவதற்கு நான்கு மணி நேரம் முன்பே சாப்பாட்டை முடித்துவிட வேண்டும். நிறைந்த வயிற்றோடு கொண்டையூசி வளைவுகளில் திரும்பினால் வாந்தி நிச்சயம். எச்சில் ஒழுகுவதும் அடிக்கடி உதட்டை நக்குவதும் அதற்கு முன்னறிகுறி. அப்போதே வண்டியை ஓரம் கட்டி, பத்து நிமிடம் நடக்க விடுங்கள். தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக, ஆனால் அடிக்கடி கொடுங்கள். 30 கிலோ நாய்க்கு ஒரு நாளைக்கு ஒன்றரை முதல் இரண்டு லிட்டர் வரை வேண்டும். பின்சீட்டுக்கு முன்னால் கால் வைக்கிற பள்ளத்தைப் பைகளால் நிரப்பி மேலே மெத்தை விரித்துவிட்டால், பெரிய நாய் கால் நீட்டிப் படுக்கும். சீட் பெல்ட்டை, மார்பைச் சுற்றிக் கட்டுகிற ஹார்னஸில்தான் மாட்ட வேண்டும், காலரில் மாட்டினால் சடன் பிரேக்கில் கழுத்து போய்விடும். வழியில் டிபன் சாப்பிட இறங்கும்போது ஒருவராவது நாயோடு வெளியே நிற்க வேண்டும். வெயிலில் பூட்டிய காரின் உள்சூடு இருபது நிமிடத்தில் 15 டிகிரி வரை கூடிவிடும். கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி வைப்பதால் பெரிய பயன் இல்லை.

இனி அறை. முதல் அரை மணி நேரத்தைச் சரியாகக் கையாண்டால் மீதி நாட்கள் நிம்மதி. ஒருவர் வெளியே நாயை நடத்திக்கொண்டிருக்க, மற்றவர் உள்ளே போய், முதலில் அறையை முழுக்க வீடியோ எடுக்கட்டும்: ஏற்கெனவே இருக்கும் கீறல், கறை எல்லாம் பதிவாகட்டும். பிறகு மண்டி போட்டு, கட்டிலுக்கு அடியிலும் அலமாரிக்குப் பின்னாலும் டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். மலைக் காட்டேஜ்களில் எலித்தொல்லை உண்டு. எலி மருந்துக் கட்டிகளை அங்கேதான் வைப்பார்கள். நீலமோ பச்சையோ நிறத்தில் சிறிய சோப்புத் துண்டு போல இருக்கும், நாய்க்குப் பிடித்த வாசனையும் இருக்கும். தின்ற அன்று நாய் வழக்கம்போல விளையாடும். ரத்தம் உறைகிற சக்தி போய், மூன்று நான்கு நாள் கழித்துத்தான் ஈறு வெளுப்பதும் மூக்கில் ரத்தம் வருவதும் தெரியும். தின்றது தெரிந்தால் அறிகுறிக்குக் காத்திருக்காமல் மருந்தின் அட்டையோடு உடனே டாக்டரிடம் ஓடுங்கள். இந்த வகை மருந்துக்கு வைட்டமின் கே1 என்ற மாற்று மருந்து இருக்கிறது, நேரத்துக்குக் கொடுத்தால் பிழைக்கும்.

தரைக்குப் பக்கத்து பிளக்கில் கொசு மருந்து இருந்தால் கழற்றி மேலே வையுங்கள். டாய்லெட் மூடியை மூடி வையுங்கள், தாகத்தில் அதில்தான் வாய் வைக்கும். டீப்பாய் மேல் இருக்கிற கெட்டிலும் கண்ணாடி டம்ளரும் சரியாக லாபின் வால் உயரத்தில் இருக்கும். அவற்றையும் மேலே ஏற்றிவிடுங்கள். வரவேற்புத் தட்டில் சாக்லேட்டோ உலர்திராட்சையோ இருந்தால் பெட்டிக்குள் போட்டுப் பூட்டுங்கள், இரண்டுமே நாய்க்கு விஷம். டைல்ஸ் தரையில், படுக்கையிலிருந்து கதவு வரைக்கும் இரண்டு யோகா மேட் விரித்தால் நாய் வழுக்காமல் நடக்கும். நகத்தை மூன்று நாள் முன்பே வெட்டிவிடுங்கள், கிளம்புகிற அன்று வெட்டி ரத்தம் வந்தால் அறை வெள்ளை விரிப்பில் அது தெரியும். கட்டில் மேல் வீட்டுப் பழைய போர்வையை விரித்துவிட்டால் முடிப் பிரச்சினையும் பாதி தீர்ந்தது.

அதன் பிறகு நாயை லீஷோடு உள்ளே கூட்டி வாருங்கள், கால்மணி நேரத்துக்கு அவிழ்க்காதீர்கள். நாய்களை அனுமதிக்கிற அறை என்றால் முன்னால் பத்து நாயாவது அங்கே தங்கியிருக்கும். ஆண் நாய் திரைச்சீலையின் கீழ்முனை, கட்டில் கால், கதவு நிலை என்று மோந்துகொண்டே போகும். ஒரே இடத்தில் மூக்கு நின்று, உடம்பு பக்கவாட்டில் திரும்பினால் அடுத்த நொடி கால் தூக்கும். அப்போதே லீஷை இழுத்து வெளியே கொண்டு போய்விட வேண்டும். போய்விட்டதா? தேய்க்காதீர்கள். பழைய துண்டை மடித்து வைத்து, அதன் மேல் ஏறி நின்று ஈரத்தை ஒற்றி எடுங்கள். குளிர்ந்த நீர் ஊற்றி மறுபடி ஒற்றுங்கள். பிறகு செல்லப்பிராணிக் கடைகளில் விற்கிற என்சைம் கிளீனர் தெளித்து, பத்துப் பதினைந்து நிமிடம் ஊற விடுங்கள். அம்மோனியா உள்ள கிளீனர் வேண்டாம், அதன் வாடை நாய்க்குச் சிறுநீர் வாடையாகவே படும், மறுபடி அங்கேயே போகும். பிளீச்சிங் திரவமும் சிறுநீரும் சேர்ந்தால் கண்ணைக் கரிக்கும் புகை வரும், அதுவும் வேண்டாம். லாப் தலையை உதறும்போது சுவரில் மூன்றடி உயரத்தில் தெறிக்கிற எச்சில் கோட்டையும் உடனே ஈரத்துணியால் துடையுங்கள். காய்ந்தால் பெயின்ட்டோடுதான் வரும்.

உணவு விஷயத்தில் புதுமை வேண்டாம். வீட்டில் சாப்பிடுவதையே வேளைக்கு ஒரு பொட்டலமாகக் கட்டி, இரண்டு நாளுக்குக் கூடுதலாக எடுத்துப் போங்கள். தீர்ந்துபோனால் ஓட்டல் சமையற்கட்டில் வெள்ளைச் சோறும் வேகவைத்த எலும்பில்லாத கோழியும் கேட்கலாம். ‘காரம் வேண்டாம்’ என்று மட்டும் சொன்னால் வெங்காயமும் பூண்டும் போட்டுத்தான் வரும், அவை நாயின் ரத்தச் சிவப்பணுவை அழிப்பவை. ‘வெறும் தண்ணியில வேக வச்சது, உப்புகூட வேண்டாம்’ என்று சொல்லுங்கள்.

தனியாக விட்டுவிட்டுப் போவதைப் பற்றி என் கருத்து கறாரானது: முதல் நாள் வேண்டவே வேண்டாம். தெரியாத அறையில் நாய் குரைக்கும், கதவைப் பிராண்டும். அதைவிட மோசம், ஹவுஸ்கீப்பிங் ஆள் மாஸ்டர் சாவி போட்டுத் திறக்க, நாய் அவரைத் தாண்டி ரோட்டுக்கு ஓடுவது. மாற்றி மாற்றிச் சாப்பிடுங்கள், இல்லையென்றால் அறைக்கே வரவழையுங்கள். விட்டே ஆக வேண்டுமானால் ஐந்து நிமிடம், பதினைந்து, முப்பது என்று கதவுக்கு வெளியே நின்று பழக்குங்கள். ரிசப்ஷனில் சொல்லுங்கள், கதவில் போன் நம்பர் ஒட்டுங்கள். கூண்டில் தூங்கிப் பழகிய நாய் என்றால் லாபுக்கு 42 அங்குலக் கூண்டு சரியாக இருக்கும். பழகாத நாயை அங்கே போய்ப் புதிதாக அடைக்கக் கூடாது.

கொடைக்கானல், குன்னூர், வால்பாறை எங்கேயானாலும் இருட்டுவதற்குள் கடைசி நடையை முடித்துவிடுங்கள். சிறுத்தைக்கு நாய் பிடித்த இரை. வராந்தாவில் கட்டிப்போட்ட நாய் தப்ப முடியாது, ‘வாட்ச்மேன் பார்த்துக்குவார்’ என்ற பேச்சு உதவாது. நடு இரவில் அவசரமாக வெளியே போக வேண்டியிருந்தால் விளக்கைப் போட்டு, வாசலிலேயே, ஒன்றரை மீட்டர் லீஷில். காட்டுமாட்டைப் பார்த்துக் குரைக்கிற நாயை உடனே திருப்பி வந்த வழியே கூட்டிப் போய்விடுங்கள்.

மழைக்காலத்தில் அட்டை விரலிடுக்கில் மட்டுமல்ல, மூக்குத் துவாரத்திலும் ஏறும். ஒரு பக்க மூக்கில் மட்டும் ரத்தம் வந்து, தும்மிக்கொண்டே இருந்தால் டாக்டர் பார்க்க வேண்டும். உண்ணியைக் காது மடிப்பு, கக்கம், விரலிடுக்கு என்று தினமும் தடவித் தேடுங்கள். ஊர் திரும்பி மூன்று வாரத்துக்குள் காய்ச்சல், சாப்பாட்டில் வெறுப்பு, ஈறு வெளுப்பு என்று எது தெரிந்தாலும் உண்ணி வழியாக வந்த நோயாக இருக்கலாம், ரத்தப் பரிசோதனைக்குக் கூட்டிப் போங்கள். எந்த ஊரில், எத்தனை நாள் தங்கினீர்கள் என்பதை டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.