விடுதி றேடியோவும் நாஷ்வில் வானொலியும்

எழுபதுகளில் நம் கல்லூரி விடுதியில் இருந்தவர்களுக்கு அமெரிக்கக் கன்ட்ரி இசைப் பாடகர் ஜிம் ரீவ்ஸைத் தெரியாமல் இருக்காது. இலங்கை வானொலியின் ஆங்கில சேவையில் அவர் பாட்டு வந்துவிட்டால், விடுதி மாஸ்டர் இரவுப் படிப்பு நேரம் என்றும் பாராமல் றேடியோவைக் கூட்டி வைப்பார். பாதிச் சொற்கள் விளங்காவிட்டாலும் நாங்கள் புத்தகத்தை மூடிவிட்டுக் கேட்டுக்கொண்டிருப்போம். அவர் 1964இலேயே விமான விபத்தில் போய்விட்டார் என்பதுகூட எங்களுக்குத் தெரியாது.

வேலை கிடைத்து அமெரிக்காவின் நாஷ்வில் நகருக்கு வந்தபிறகுதான் மிச்சக் கதை தெரிந்தது. அந்த விமானம் விழுந்தது பக்கத்து பிரென்ட்வுட்டில். 1955 முதல் அவர் பாடிய 'கிராண்ட் ஓல் ஓப்ரி' என்ற கன்ட்ரி இசை நிகழ்ச்சியை ஒலிபரப்பும் டபிள்யூஎஸ்எம் வானொலியின் கோபுரம் நிற்பதும் அதே பிரென்ட்வுட்டில்தான். 1932இல் கட்டிய அந்த இரும்புக் கோபுரத்தின் இன்றைய உயரம் 808 அடி. நடுவில் பருத்து, மேலும் கீழும் கூராக இருக்கும். ஒலிபரப்பின் வலு 50,000 வாட். இரவில் மத்திய அலை மேலே அயன மண்டலத்தில் பட்டுத் திரும்பித் தூர தேசம் போகும் என்று பௌதிக வகுப்பில் பாடமாக்கினோமே, அதை வைத்துத்தான் இந்த நிலையம் சனிக்கிழமை இரவுகளில் பல மாநிலங்களுக்குக் கேட்டது.

நிலையத்தைத் தொடங்கியவர்கள் இசைக்காரர்கள் அல்ல. ஒரு காப்புறுதிக் கம்பனி. கம்பனியின் விளம்பர வாசகத்தில் இருந்த மூன்று சொற்களின் முதலெழுத்துகளே நிலையத்தின் பெயர். 1925 ஒக்டோபர் 5இல் ஒலிபரப்புத் தொடங்கியது. நவம்பர் 28 இரவு ஜோர்ஜ் ஹே என்ற அறிவிப்பாளர், 77 வயது ஜிம்மி தொம்சனை மைக்குக்கு முன் இருத்திப் பிடில் வாசிக்க வைத்தார். கேட்டவர்கள் இன்னும் வேண்டும் என்றார்கள். நாஷ்வில்லை அமெரிக்கத் 'தென்னகத்தின் ஏதென்ஸ்' என்று பெருமை பேசிய ஊர்ப் பெரிய மனிதர்களுக்கு இந்தப் பட்டிக்காட்டுப் பாட்டு பிடிக்கவில்லை. கம்பனிக்கு அதைப் பற்றி என்ன கவலை? அதன் முகவர்கள் கதவைத் தட்டும்போது, ஓப்ரி நடத்தும் கம்பனி என்றால் உள்ளே கூப்பிட்டார்கள்.

இப்படித் தொடங்கிய நிகழ்ச்சிக்கு ஓப்ரி என்ற பெயர் வந்தது 1927இல். ஒருநாள் மேல்நாட்டுச் சாஸ்திரிய இசை நிகழ்ச்சி முடிந்த கையோடு ஹேயின் நிகழ்ச்சி. டிஃபோர்ட் பெய்லி மௌத் ஓர்கனில் ரயில் ஓடுவதை அப்படியே வாசித்தார். இவ்வளவு நேரமும் கிராண்ட் ஓப்பரா கேட்டீர்கள், இனி 'கிராண்ட் ஓல் ஓப்ரி' என்று, ஓப்பராவைப் பட்டிக்காட்டு உச்சரிப்பில் திரித்து ஹே பகிடியாகச் சொன்னது அப்படியே ஒட்டிக்கொண்டது.

பெய்லி கறுப்பர், சிறுவயதில் போலியோ வந்தவர். நிகழ்ச்சியின் ஆரம்ப கால நட்சத்திரம். ஊர் ஊராகப் போனபோது வெள்ளையர் தங்கிய ஹோட்டல்களில் அவருக்கு இடமில்லை. 1941இல் அவரை நிறுத்தினார்கள். பாட்டு உரிமைச் சிக்கல் ஒன்றும் அதற்குள் இருந்தது, சரி. ஆனால் அதே சிக்கலைச் சந்தித்த மற்றவர்கள் புதுப் பாட்டுப் பாடிக்கொண்டு மேடையிலேயே இருந்தார்களே! அப்புறம் அவர் இந்த ஊரில் சப்பாத்துக்குப் பொலிஷ் போடும் கடை நடத்திப் பிழைத்தார். 1982இல் காலமானார். கன்ட்ரி இசையின் புகழ்க்கூடத்தில் அவர் பெயரைச் சேர்த்தது 2005இல். ஓப்ரி மண்டபத்தைச் சுற்றிக் காட்ட யாரை அழைத்துப் போனாலும் அவர் கதையைத்தான் முதலில் சொல்கிறேன்.

இந்தப் பக்கம் வரும் பழைய மாணவர்கள் ஒரு சொல் சொல்லிவிட்டு வாருங்கள். ஓப்ரிக்குச் சனிக்கிழமை டிக்கெட் முன்கூட்டியே எடுத்துவைக்க வேண்டும்.