லியோனில் செப்டம்பர்: சிவப்பு ஒயின் குறிப்புகள்

2024 செப்டம்பர் 5, வியாழன்

பேரங்காடிகளில் ஒயின் விற்பனை விழா தொடங்கிவிட்டது. புதிய அறுவடைக்கு இடம் வேண்டும் என்பதால், பிரான்ஸ் முழுவதும் செப்டம்பரில் பழைய சரக்கை விலை குறைத்துத் தள்ளுவார்கள். வீட்டுக்கு வந்த விளம்பரத்தாளில் எங்கு பார்த்தாலும் கோட்டைப் படம் போட்ட போர்தோ வட்டார ஒயின் பாட்டில்கள், 6 யூரோ, 7 யூரோ. அந்தப் படத்தை நம்பி யாரும் காசு கொடுக்க வேண்டாம். 1855-இல் வகுத்த போர்தோவின் புகழ்பெற்ற தரவரிசை ஒரு சில பண்ணைகளுக்கு மட்டுமே உரியது; 1973-இல் மூத்தோன் ரோத்ஷில்ட் என்ற பண்ணையை முதல் வரிசைக்கு உயர்த்தியதைத் தவிர அதில் பெரிதாக எதுவும் மாறவில்லை. லேபிளில் ‘ஷாத்தோ’ (கோட்டை) என்று இருந்தால் அது பண்ணையின் பெயர், அவ்வளவுதான்.

2024 செப்டம்பர் 7, சனி

தம்பி ஐந்து பாட்டில்களுக்கும் காகிதம் சுற்றிக் கொடுத்தான், நான் கலைத்து எண் போட்டேன், எது எது என்று இருவருக்கும் தெரியாது. பெயர்கள் எல்லாம் பிரான்ஸின் ஒயின் விளையும் இடங்களுடையவை. போர்தோ 9 யூரோ, சாதாரண புர்கோன் 14, ஷினோன் 10, மொர்கோன் 13, வக்கேராஸ் 12. கோடை இன்னும் தணியாததால் எல்லாவற்றையும் அரை மணி நேரம் குளிர்பெட்டியில் வைத்தேன். சிவப்பு ஒயினை 16 டிகிரி அளவில் குடித்தால்தான் மணம் தெரியும். 25 டிகிரியில் ஆல்கஹால்தான் மூக்கில் ஏறும்.

முதல் எண்ணில் மரவாசனை முன்னால் நின்றது, பழச்சுவை பின்னால் பதுங்கியது. இரண்டாவது நீர்த்துப்போய், புளிப்பு மட்டும் நாக்கில் நின்றது. மூன்றாவதில் குடைமிளகாயும் ராஸ்ப்பெரியும் கலந்த வாசனை. ஷினோனுக்குரிய கபெர்னே ஃபிரான் திராட்சை என்று உடனே சொல்லிவிடலாம். நான்காவதை மோந்ததுமே இருவரும் நிமிர்ந்தோம். கறுத்த செர்ரி, கொஞ்சம் மண்வாசம், விழுங்கிய பிறகும் விலகாத சுவை.

“அக்கா, இதுதான் விலை கூடியது, பந்தயம் வைக்கிறேன்” என்றான் தம்பி.

காகிதத்தைப் பிரித்தால் மொர்கோன். விலை கூடிய புர்கோன் அந்த நீர்த்துப்போன இரண்டாம் எண். எனக்கு வியப்பில்லை. அது 2021 அறுவடை. அந்த ஏப்ரல் உறைபனியில் மொட்டுகள் கருகி விளைச்சல் வீழ்ந்தது, விலை ஏறியது. தவிர, ‘புர்கோன்’ என்று மட்டும் போட்ட பாட்டிலுக்கான திராட்சை அந்த வட்டாரத்தில் எங்கு வேண்டுமானாலும் விளைந்திருக்கலாம். பெரிய ஊரின் கடைசி பாட்டிலுக்குக் கொடுக்கும் காசில், பக்கத்து ஊரின் முதல்தர பாட்டில் கிடைக்கிறது. நான் திரும்பத் திரும்பக் காண்பது இதைத்தான்.

2024 செப்டம்பர் 8, ஞாயிறு

மிச்சத்தை மதியம் மிளகு ஆட்டுக்கறியுடன் குடித்தோம். காரத்துக்கு முன் துவர்ப்பு மிகுந்த போர்தோ முரடாகிவிட்டது, வக்கேராஸின் ஆல்கஹால் தொண்டையில் எரிந்தது. குளிர வைத்த ஷினோன் அழகாகப் பொருந்தியது.

2024 செப்டம்பர் 14, சனி

மொர்கோனுக்கே போய்விட்டோம், லியோனிலிருந்து ஒரு மணி நேரப் பயணம். கோத் துய் பீ மேட்டில் அறுவடை நடக்கிறது. மழை விடாத ஆண்டு. பூஞ்சை பிடித்த பழங்களை ஆட்கள் கத்திரியால் வெட்டித் தரையில் போட்டுவிட்டு, நல்ல குலையை மட்டும் கூடையில் இட்டார்கள். இங்கே குலையைக் காம்போடு முழுசாகத் தொட்டியில் இடுகிறார்கள். காற்றில்லாத தொட்டியில் பழத்துக்கு உள்ளேயே நொதித்தல் தொடங்குவதால், நிறமும் பழமணமும் சாற்றில் சேர்கின்றன, துவர்ப்பு மிதமாக நிற்கிறது. இங்கே விளையும் காமே என்ற திராட்சை ரகத்தைத்தான் 1395-இல் புர்கோன் கோமகன் பிலிப் தன் நிலத்திலிருந்து பிடுங்கி எறியச் சொன்னான். இந்த மண்ணில் அது எப்படித் தழைக்கிறது என்று இந்த மேட்டில் நின்று பார்க்க வேண்டும்.

பண்ணைக்காரர் பழைய பீப்பாய்களைத் தட்டிக் காட்டினார். 225 லிட்டர் பீப்பாயில் 300 பாட்டில்கள் நிரம்பும். புது ஓக் பீப்பாய் 900 யூரோ என்றால், பாட்டிலுக்கு 3 யூரோ மரத்துக்கே போகிறது. அவர் புதுப்பீப்பாய் வாங்குவதில்லை. பண்ணையில் விலை 12 யூரோ.

2024 செப்டம்பர் 21, சனி

தெற்கத்திச் சுற்று, ரோன் பள்ளத்தாக்கின் இரண்டு ஒயின்கள். ஷாத்தோநஃப் து பாப் 32 யூரோ, கெய்ரான் 11 யூரோ, இரண்டிலும் கிரணாஷ் திராட்சைதான் முதன்மை. மறைத்து வைத்துக் குடித்தும் ஷாத்தோநஃபை நான் கண்டுபிடித்துவிட்டேன். உலர்ந்த அத்திப்பழம், தைம் மூலிகை, கிண்ணத்தில் வைத்திருக்க வைத்திருக்க மாறிக்கொண்டே போகும் மணம். ஒரு ஹெக்டேருக்கு 35 ஹெக்டோலிட்டருக்கு (3,500 லிட்டர்) மேல் எடுக்கக் கூடாது என்ற கட்டுப்பாடு சும்மா இல்லை. சிறந்தது அதுவே, சந்தேகமில்லை. ஆனால் மும்மடங்கு சிறந்ததா? இல்லை. கெய்ரானுக்குத் தனிப்பெயரில் விற்கும் உரிமை கிடைத்தது 2016-இல்தான், விலை இன்னும் புகழை எட்டிப் பிடிக்கவில்லை. பிடிப்பதற்குள் வாங்கிவிட வேண்டும்.

இந்த ஆண்டுக்கு மொர்கோனும் கெய்ரானும் தலா ஒரு பெட்டி, காரச் சாப்பாட்டுக்கு ஷினோன் மூன்று. ஷாத்தோநஃப் ஒன்றே ஒன்று, டிசம்பரில் அம்மா வரும்போது திறக்க. போர்தோ பக்கம் இந்த விலையில் நான் இனிப் போகப்போவதில்லை.